விருந்தும் விற்பனையும்



'சுற்றுலா' என்னும் சொல் இன்று நாடெங்கும் பெருவழக்காய் வழங்குகின்றது. சுற்று, உலா என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களின் கூட்டு அது. அதன் பின்னுறுப்பாகிய உலா, சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றன் பெயருமாகும். தலைவன் தெருவில் உலாப் போதருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு நிற்பர். அவ்வுலாவில் செல்வோனே காணப்படுவோன், ஊரார் காண்போர். இன்றைய சுற்றுலாவிலோ அம்முறை தலைகீழாயிற்று. செல்வோன் காண்போன் ஆனான்; ஊரார் காட்சிப்பொருள் ஆயினர்.

இன்னொரு சொல் 'விருந்து'. தொல்காப்பியர் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தை வைத்தார். அங்கு அச்சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். புதுமை என்னும் பண்பு, புதியராய் வந்தவர்க்கு ஆகி, பின்னர் அவர்க்கு இடும் உணவுக்கும் ஆயிற்று. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆனால், விருந்தோம்புதல் என்பது இல்லத்தார் தாம் உண்பதைப் புதியவரோடு பகுத்துண்பது. தாம் உண்ணாத ஒன்றைப் புதியவர் காணவேண்டும் என்பதற்காகவே சமைத்து, விலை குறித்து வைப்பது விருந்தன்று, விற்பனை. கொங்கு நாட்டுப் பண்பாடு வருவோர்க்கு விருந்தாய் நிற்கப்போகின்றதா, விற்பனைச் சரக்காய் மாறப்போகின்றதா என்பதே இவ்வுரையின் பொருள்.

வருவாரைத் தடுத்த நாடன்று

முதலில் ஒரு தவற்றெண்ணத்தை நீக்கிவிடல் வேண்டும். பண்பாட்டுக் காப்பு என்றவுடன், கதவடைத்துக் கொள்வது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். கொங்கு நாடு என்றும் கதவடைத்த நாடன்று. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் கூறப்பட்ட ஊர். 1985ஆம் ஆண்டு தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழாய்வுகளில் அணிகலக் கற்களை அறுத்து மெருகேற்றிய தொழிற்கூடங்களின் தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோமரின் வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாய்க் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே வேற்று நாட்டார் பொருள் தேடி இம்மண்ணின் தொடர்பு நாடினர் என்பதற்கு இவை சான்று.

அவர்கள் கல்லை விலைக்கு வாங்கினர். கல்லறுத்தவனின் வழிபாட்டை விலைக்குக் கேட்கவில்லை. அன்றைய வணிகத்திற்கும் இன்றைய சுற்றுலா வணிகத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இன்று விலைக்குக் கேட்கப்படுவது ஒரு மக்களின் வாழ்க்கை முறையே.

பட்டிப்பொங்கல்

கொங்கு நாட்டுப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். மார்கழி இறுதியில் வீட்டு இறவாணத்திலும், பட்டியிலும், வயல் மூலையிலும் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டுவர். தை முதல் நாள் வீட்டுப் பொங்கல். மறுநாள்தான் கொங்கு வேளாண் குடிகளின் பெருநாள், அதுவே பட்டிப்பொங்கல். பட்டி என்பது ஆனிரை அடையும் தொழுவம். மாடு கன்றுகளைக் கழுவிக் கொம்பு சீவி, வண்ணம் பூசி, புதுக் கயிறு பூட்டுவர். பொழுது சாயப் பட்டியிலேயே பொங்கல் வைப்பர். பட்டியின் நடுவே மண்ணும் சாணமும் கொண்டு வரம்பு கட்டிச் சிறு தெப்பக்குளம் அமைத்து, நீர் நிரப்பிப் பூ இடுவர். கன்றையோ காளையையோ அத்தெப்பக்குளத்தை மிதித்துக் கடக்கச் செய்வர். பட்டி பெருகவேண்டும், பால் பெருகவேண்டும், நோய் அகலவேண்டும் என்பதே வேண்டுதல். ஊருக்கு ஊர், குடிக்குக் குடி இம்முறை சிறிது வேறுபடும். அவ்வேறுபாடே அது உயிரோடு இருப்பதன் அடையாளம்.

உடுமலையை அடுத்த சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் உள்ளது. பொங்கலையொட்டிய நாள்களில் உழவர் அங்குக் கறந்த பாலைக் கொண்டுவந்து படைக்கின்றனர். கால்நடைகள் நலம்பெற வேண்டி மண்ணாற் செய்த மாட்டுருக்களைக் காணிக்கையாக வைக்கின்றனர். அவ்வுருக்களுக்கு 'உருவாரம்' என்று பெயர். அதனையடுத்துப் பூநோம்பி. சிறுமியரும் இளம்பெண்களும் கூட்டமாய்ச் சென்று ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடித்துப் பாடித் திரும்புவர்.

இவ்வளவிலும் காண்போர் என ஒருவர் உண்டா? இல்லை. பட்டியில் நிற்பவர் அனைவரும் செய்வோர். கிழவர் பொங்கற்பானைக்குத் தீத் தள்ளுவார், சிறுவன் கன்றின் தும்பைப் பிடிப்பான், தாய் குலவையிடுவாள். பார்ப்பதற்கென்று ஒதுங்கி நிற்கும் ஓர் ஆளும் அங்கு இல்லை. பார்வையாளன் ஆனிரையே என்றாலும் பொருந்தும்!

சுற்றுலாப் பொங்கல்

இனி, சுற்றுலாவுக்கென நடத்தப்பெறும் பொங்கலைப் பாருங்கள். தை பிறந்ததும் மாவட்டந்தோறும் அயல்நாட்டாரை அழைத்துச் சென்று பொங்கல் விழாக் காட்டுவது அரசின் வழக்கமாய் உள்ளது. நோக்கம் நல்லதே. ஆனால் அங்கு நிகழ்வன யாவை? வாயிலில் மாலை, நெற்றியில் பொட்டு, கோலம், கரகம், பொய்க்கால் குதிரை, உறியடி, மாட்டுவண்டிச் செலவு. தஞ்சையாயினும் குமரியாயினும் கோவையாயினும் பெரும்பாலும் பட்டியல் ஒன்றே. சோழ நாட்டுப் பொங்கல் வேறு, பாண்டி நாட்டுப் பொங்கல் வேறு, கொங்கு நாட்டுப் பொங்கல் வேறு என்பது அப்பட்டியலுக்குத் தெரியாது. தெப்பக்குளம் அதில் இல்லை, உருவாரம் இல்லை, பூநோம்பி இல்லை. ஏன்? அவை மேடையில் ஏறா. அரைமணி நேரத்துள் அடங்கா. படம் எடுக்க முன்பக்கம் இல்லாதவை. காட்டுவதற்கு எளியது நிலைக்கின்றது. காட்ட இயலாதது மறைகின்றது. சுற்றுலாவின் முதற்கேடு பொய் புனைவதன்று. மெய்யானவற்றுள் தனக்கு ஏற்றவற்றை மட்டும் பொறுக்குவது.

பொள்ளாச்சியில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையையொட்டிப் பன்னாட்டுப் பலூன் விழா நடைபெற்று வருகின்றது. 2025இல் நடந்த பத்தாம் விழா சென்னை, பொள்ளாச்சி, மதுரை என மூன்று இடங்களில் நிகழ்ந்தது. பல நாடுகளிலிருந்து வந்த வெப்பக்காற்றுப் பலூன்கள் விடியலில் எழுவது கண்ணுக்கு இனிய காட்சியே. குழந்தைகள் மகிழ்வதில் குற்றம் காண்பார் இல்லை. ஆயினும் ஒன்றை எண்ணுதல் தகும். அங்குப் பொங்கல் என்பது ஒரு விடுமுறைத் தேதி, கூட்டம் சேரும் வாய்ப்பு, அவ்வளவே. வானத்தை அண்ணாந்து நோக்கும் ஆயிரம் கண்களுள் எத்தனை கண்கள், அதே மாலையில், சில கல் தொலைவில் ஒரு பட்டியில் கன்று தெப்பக்குளம் மிதிப்பதைக் காணும்? பொள்ளாச்சி, தென்னகத்தின் பெருமாட்டுச் சந்தைகளுள் ஒன்றை உடைய ஊர். ஆனிரைக்குப் பேர்போன ஊரில், ஆனிரைத் திருநாள் அன்று, உலகத்தார்க்குக் காட்டுவதற்கு உரியது காற்றடைத்த துணி என்று முடிவாகிவிட்டது.

எடை போட்டு விற்ற ஊர்

இந்நோய் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில், தம் தாய்மொழிக்காகப் போராடிய பாசுக்கு மக்களின் நாட்டில், கடற்கரை ஊர் ஒன்று உண்டு. இசுபானியர் அதனைப் புவெந்தெராபியா என்றனர். பாசுக்கு மக்கள் தம் மொழியில் ஒந்தாரிபியா என்பர். 1638இல் பிரெஞ்சுப் படையின் முற்றுகையை முறியடித்த நினைவாக, ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் அணிவகுத்துச் செல்லும் 'அலார்தே' என்னும் விழா அங்கு உண்டு. மீனவரும் உழவரும் கடைக்காரரும் ஏற்றத்தாழ்வின்றி அதில் ஒன்றுவர். 1969இல் அவ்வூர் நகர்மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. காண வருவோர் மிகுதியாகையால், ஒரே நாளில் விழாவை இருமுறை நடத்தவேண்டும் என்பதே அவ்வாணை.

இரண்டே ஆண்டுகளில் விழாவுக்கு ஆள் சேர்ப்பதே அரிதாயிற்று. கலந்துகொள்வோர்க்குக் கூலி கொடுக்கலாமா என்று மன்றம் எண்ணும் நிலை வந்தது. இதனை ஆராய்ந்த அமெரிக்க மாந்தவியலறிஞர் தேவிடு கிரீன்வுடு, 1977இல் வெளிவந்த தம் கட்டுரைக்கு 'எடை போட்டு விற்கும் பண்பாடு' எனப் பொருள்படத் தலைப்பிட்டார். அங்கு ஒரு கொட்டும் மாறவில்லை. ஓர் உடையும் மாறவில்லை. யாருக்காகச் செய்கின்றோம் என்பது மட்டும் மாறியது. அவ்வொன்று மாறியதும் செய்வோர் உள்ளம் விலகிற்று.

பின்னாளில் அதே அறிஞர், பாசுக்கு மக்கள் அவ்விழாவுக்குத் தம் நாட்டுரிமை உணர்ச்சி சார்ந்த புதுப்பொருள் ஏற்றிக்கொண்டதையும் குறித்துள்ளார். இழந்ததை மீட்க இயலும் என்பதற்கு அஃது ஆறுதலான சான்று. ஆனால் மீட்டவர் அவ்வூராரே. காண வந்தவர் அல்லர்.

சொல் முதலில் சாகும்

தமிழ்ப் பற்றாளர் கருதவேண்டிய செய்தி இதனினும் நுண்ணியது. பண்பாடு சரக்காகும்போது முதலில் மாறுவது பெயர். 1819இல் கோவை மாவட்ட ஆட்சியராய் இருந்த யான் சலிவன் நீலமலை ஏறினார். அம்மலைநாடு 1868இல்தான் கோவை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைத்தொடர்வண்டி 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் எட்டிற்று. குளிர் தேடி வந்தவர் வாயில் உதகமண்டலம் சிதைந்து ஊட்டியாயிற்று. இன்று தமிழரே ஊட்டி என்கின்றனர்.

ஆனைமலையில் உலாந்தி என்பது ஒரு வனச்சரகத்தின் பெயர். வெள்ளையர் காலத்தில் வெட்டிய மரங்களை மேட்டிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் அங்கு ஓரிடத்திற்கு 'டாப்சிலிப்பு' என்ற பெயர் வந்தது. காட்டை அழித்த செயலே ஊர்ப்பெயர் ஆயிற்று! இன்று அங்குச் செல்வோருள் உலாந்தி என்ற பெயரை அறிந்தவர் எத்துணைப் பேர்? ஆழியாற்றை அடுத்த குரங்கு அருவியைத் தமிழ்க் குழந்தைகள் 'மங்கி பால்சு' என்கின்றனர். சிறுவாணி அருவிக்குக் 'கோவைக் குற்றாலம்' என்பதே விளங்கும் பெயராயிற்று. குற்றாலம் தமிழ்ப்பெயரே; எனினும், தன் பெயரால் நிற்கவேண்டிய அருவி தென்பாண்டி அருவியின் பெயரைக் கடன்பெற்று நிற்கின்றது.

பெயர் போனால் போகட்டும், அருவி இருக்கின்றதே என்பார் உளர். பெயர் போயின், அப்பெயரோடு சேர்ந்த அறிவும் போகும். பட்டி, தும்பு, உருவாரம், காப்பு, நோம்பி ஆகிய ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலின் திறவுகோல். 'ஊர்ப்புற விழா' என்ற ஒரே சொல்லால் இவையனைத்தையும் மூடிவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் திறவுகோலும் இல்லை. பூட்டு எங்குள்ளது என்பதும் தெரியாது.

வட்டமும் மேடையும்

மாற்றமே கூடாது என்பதன்று இவ்வுரையின் கருத்து. கும்மி வட்டமாய் நின்று ஆடுவது. வட்டத்திற்கு முன்பக்கம் என்பதில்லை. ஆடுவார் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி ஆடுவர். அதனை மேடையில் ஏற்றும்போது வட்டம் உடைந்து வரிசையாகின்றது. முகங்கள் அனைத்தும் கூட்டத்தை நோக்கித் திரும்புகின்றன. கேடு அங்குத் தொடங்குகின்றது.

ஆனால், வட்டத்திற்குள்ளேயே நிகழும் மாற்றம் வேறு. காரமடை வட்டாரத்தைச் சேர்ந்த கலைஞர் பத்திரப்பன், ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் பயிற்றினார். 2024இல் அவர்க்கு இந்திய அரசின் 'பத்மசிறீ' விருது வழங்கப்பெற்றது. வழக்கத்தை அவர் மாற்றினார் என்பது உண்மை. எனினும் அம்மாற்றம் ஆடுவாரைப் பெருக்கிற்று. காண்போரைப் பெருக்குவதற்காக ஆடுவாரைக் குறைக்கவில்லை. ஆனைமலைக் கோழிகமுத்தி முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு யானைப் பொங்கல் வைப்பதும் பழைய மரபன்று. ஆனால், யானையோடு வாழும் மலசர் குடிப் பாகனுக்கு யானை, உழவனுக்கு எருது போன்றது. உறவு உள்ள இடத்தில் புதுவிழாவும் வேர் பிடிக்கும். பழையது, புதியது என்பதன்று அளவுகோல். செய்வோர்க்கும் செயலுக்கும் இடையே உயிர்த்தொடர்பு உண்டா என்பதே அளவுகோல்.

வயிற்றுப்பாடு

'பண்பாடு சோறு போடுமா? சுற்றுலா வந்தால் நாலு பேர் பிழைப்பர்' என்பது வலிமையுள்ள வினா. அதனை இகழ்ந்து ஒதுக்குவது அறமன்று. பட்டியை வெறுமையாக்கியது சுற்றுலா மட்டுமன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்து, கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளே காங்கயம் காளையின் தாய்மடி. உழவுக்குப் பொறி வந்தது, மனைப்பிரிவுக்கு நிலம் போயிற்று, எருது குறைந்தது. எருதில்லாத ஊரில் பட்டிப்பொங்கல் எங்ஙனம் நிற்கும்? அவ்வெற்றிடத்தில்தான் சுற்றுலாக்காரன் வாடகை வண்டியோடும் வாடகைக் காளையோடும் நுழைகின்றான்.

ஆயின் வருவாய் யார் கைக்குச் செல்கின்றது? தென்னந்தோப்பு விடுதியில் தங்குவோர் தரும் பணத்தில் கரகம் ஆடுபவர்க்கு எவ்வளவு, வண்டியோட்டிக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்பார் உண்டா? பண்பாட்டை உடையவர் கூலியாளாகவும், இடத்தை உடையவர் முதலாளியாகவும் நிற்கும் அமைப்பில், வயிற்றுப்பாட்டு வாதம் யாருடைய வயிற்றைக் குறிக்கின்றது என்று கேட்டல் முறையே.

மாற்று வழி கொங்கு மண்ணிலேயே உண்டு. காரமடை வனச்சரகத்தில் பில்லூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பரளிக்காட்டில், வனத்துறையின் துணையோடு இருளர் குடியினர் விருந்தினரை ஏற்கின்றனர். முன்பதிவு செய்தோரே, கிழமை இறுதி நாள்களில் மட்டுமே, அளவோடு வரலாம். பரிசல் ஓட்டுவோர் அவ்வூரார். சமைத்து இடுவோர் அவ்வூர்ப் பெண்கள். வட்டிலில் களியும் உண்டு. வருவாய் அம்மக்களின் நலனுக்கே செல்லும் வகையில் அது நடைபெறுகின்றது. அவர்கள் தம் சடங்கை விற்கவில்லை. தம் ஆற்றையும் சோற்றையும் பகிர்கின்றனர். இது விருந்து.

பாலித் தீவினர் இன்னொரு வழி கண்டனர். சுற்றுலா பெருகியபோது, 1971இல் அங்குள்ள அறிஞரும் பூசகரும் கலைஞரும் கூடி, தம் ஆட்டக்கலைகளை மூன்றாய் வகுத்தனர். கோயில் உள்முற்றத்தில் வழிபாடாகவே நிகழ்வன ஒன்று. நடுமுற்றத்தில் வழிபாட்டுக்குத் துணையாவன மற்றொன்று. வெளிமுற்றத்தில் யாவரும் கண்டு மகிழ்தற்குரியன மூன்றாவது. வணிகத்திற்கு உரியது வெளிமுற்றம் மட்டுமே என எல்லை கட்டினர். எல்லை எப்போதும் மீறப்படாமல் இருந்தது என்பதன்று. எல்லை என ஒன்று உண்டு என்பதை அம்மக்களே முடிவு செய்தனர் என்பதே அதன் சிறப்பு.

செய்யத்தக்கன

பெருமக்களே! கொங்கு மக்களும் தமக்கென முற்றம் பிரித்தல் வேண்டும். அதற்கு நான்கு செயல்கள் உடனடித் தேவை.

முதலாவது, பெயர். அருவிக்கும் மலைக்கும் ஊருக்கும் உரிய தமிழ்ப்பெயரே பலகையில் முதலில், பெரிதாய் நிற்கவேண்டும். சிதைந்த பெயரைச் சொல்லும் பிள்ளையை அன்போடு திருத்துவது ஒவ்வோர் ஆசிரியர்க்கும் கடமை.

இரண்டாவது, நாள். காண வருவோர் வசதிக்காக நோன்பின் நாளையும் பொழுதையும் மாற்றுதல் கூடாது. பட்டிப்பொங்கல் காணவேண்டுவோர், பொழுது சாயும்வரை பட்டியருகே காத்திருக்கட்டும். காத்திருப்பதும் விருந்தினர்க்குரிய பண்பே.

மூன்றாவது, பணம். ஆடுவார்க்கும் சமைப்பார்க்கும் பங்கு என்ன என்பதை ஊராரே கூடி முடிவு செய்தல் வேண்டும். இடைத்தரகன் எழுதிய ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைக்கும் நிலை ஒழிதல் வேண்டும்.

நான்காவது, சொல். பூநோம்பிப் பாட்டையும், பட்டிச் சொற்களையும், உருவாரம் வனையும் முறையையும் முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதி வைக்கவேண்டும். எழுதி வைப்பதோடு அமையாது, அடுத்த தையில் தாமே பட்டியில் நின்று செய்யவும் வேண்டும். ஏட்டில் மட்டும் வாழும் மரபு, காட்சிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வாழும் மரபுக்கு உடன்பிறப்பு.

வருவோர் வரட்டும். வாயில் திறந்தே இருக்கட்டும். ஆனால் அடுப்பங்கரையை எங்கு அமைப்பது என்பதை விருந்தினர் முடிவு செய்வதில்லை. காண்பார் ஒருவரும் வாராத ஆண்டிலும் கொங்கு நாட்டுப் பட்டிகளில் பொங்கல் பொங்குமாயின், அங்குப் பண்பாடு உயிரோடு உள்ளது. காண்பார் வந்தால்தான் பானை ஏறும் என்ற நிலை வருமாயின், அன்று பொங்குவது பாலன்று, விளம்பரம்.

பட்டி பெருகுக! தமிழ் வெல்க!